மூன்று கைகளுக்கு ஒரு பாட்டு

பியானோ என்ற பொருளை நேரில் பார்ப்பதற்கு முன்பே தையல்நாயகி பியானோவுக்கு ஒரு பாட்டு எழுதி முடித்துவிட்டார். திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டிலிருக்கும் அவருடைய கடையைத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியமில்லை. குவைத்துக்குப் போகிற எத்தனையோ பேருக்கு பயோடேட்டா அடித்துக் கொடுத்திருக்கிறார். குவைத்தை அவர் பார்த்தாரா என்ன?

சொந்த ஊர் காணை. அப்பாவுக்குக் கரும்பு விவசாயம். தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமான 1993இல் தையல்நாயகிக்கு இருபது வயது. தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தார். மாவட்டத்தின் பெயர் மாறியதும் லெட்டர்பேடு, விண்ணப்பப் படிவம், ரசீது என எல்லாவற்றையும் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. விழுப்புரத்து அச்சகம் ஒன்று ஆள் போதாமல் திணறிக்கொண்டிருந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தார். கம்ப்யூட்டரைத் தொட்டதும் அங்கேதான். பிறகு திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டியில் எடை போடும் ஆனந்தராஜைக் கல்யாணம் செய்துகொண்டு, அந்த ஊரிலேயே சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்தார்.

2009 ஜூன் மாதத்தில் ஒருநாள் இருதயமேரி டீச்சர் கடைக்கு வந்தார். விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் பியானோ சொல்லிக்கொடுப்பவர். திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் போய்வருகிறவர். கையில் ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. பிள்ளைகளுக்காகத் தானே எழுதிய சின்னச் சின்னப் பாட்டுகளை ஜெராக்ஸுக்கு மேல் ஜெராக்ஸாக எடுத்து, கடைசியில் எது கோடு, எது புள்ளி என்று தெரியாமல் போயிருந்தது. கூடவே ஒரு சிடி. இசையை அச்சுப்போல எழுதும் மென்பொருள் அதில் இருக்கிறது என்றும், தம்பி கொடுத்தான் என்றும், தனக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூட வராது என்றும் சொன்னார்.

"உங்களால அடிச்சிக் குடுக்க முடியுமாங்க? இசை தெரிஞ்சவங்கதான் அடிக்கணும்னு சென்னையில சொல்றாங்க."

தையல்நாயகி தாள்களைப் புரட்டிப் பார்த்தார். ஐந்து ஐந்து கோடுகள், மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, நடுநடுவே குறுக்குக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தது. கோடுகளில் முட்டை முட்டையாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுல மொத்தம் எத்தினி எழுத்து டீச்சர்?"

"ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி. ஏழுதான். மேல் வரிசை வலது கைக்கு, கீழ் வரிசை இடது கைக்கு."

"தமிழ்ல இருநூத்தி நாப்பத்தேழு அடிச்சிக்கினு இருக்கேன். ஏழு எழுத்து அடிக்க மாட்டேனா? வச்சிட்டுப் போங்க."

முதல் பக்கத்துக்கு நான்கு நாள் ஆனது. முட்டைக்கு வால் மேலே போகிறதா, கீழே போகிறதா, வாலில் கொடி ஒன்றா, இரண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்தார். ஐந்தாம் நாள் மவுஸ் தவறி வேறொரு பொத்தானில் பட, அவர் அடித்திருந்த பக்கம் ஸ்பீக்கரிலிருந்து தானாகவே பாடத் தொடங்கியது. பட்டா மாற்ற மனு அடிக்க வந்திருந்த கெடார் கிராமத்துப் பெரியவர் சுற்றும் முற்றும் பார்த்தார். தையல்நாயகி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டார். இதுவரை அவர் அடித்த எதுவும் திருப்பி அவரிடம் பேசியதில்லை.

அதற்குப் பிறகு எழுத்துப் பிழை பார்ப்பதுபோல ஒவ்வொரு பக்கத்தையும் போட்டுக் கேட்டார். ஒரு பாட்டில் ஓரிடம் மட்டும் காதில் இடித்தது. தன் தப்பாக இருக்கும் என்று கையெழுத்தோடு ஒத்துப்பார்த்தார். அதில் இருந்தபடிதான் அடித்திருந்தார். சனிக்கிழமை டீச்சர் வந்ததும் சொன்னார்.

"பதினேழாவது கட்டத்துல இடது கை வலது கையோட சண்டை போடுதுங்க."

டீச்சர் காது கொடுத்துக் கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யோ ஆண்டவரே! ஒரு கோடு தள்ளி எழுதிட்டேன். மூணு வருஷமா பிள்ளைங்க இதை இப்படியேதானே வாசிச்சிக்கினு இருக்காங்க!"

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து அவர்கள் சிநேகிதிகள்.

கடையில் கூட்டமில்லாத மத்தியானங்களில் தையல்நாயகி அந்த மென்பொருளைத் திறந்து தனக்குத் தோன்றியதை அடித்துப்பார்க்க ஆரம்பித்தார். பிடித்ததை வைத்துக்கொண்டார், பிடிக்காததை அழித்தார். மின்வெட்டு மிகுந்த காலம். சேமிக்காமல் விட்டதால் இரண்டு முறை எல்லாம் போய், மூன்றாம் முறை புத்தி வந்தது. ஆறு மாதத்தில் மூன்று பக்கம் சேர்ந்தது.

ஆனந்தராஜ் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த ஒருநாள் அதைப் போட்டுக் காட்டினார். அடித்தொண்டையில் தொம்மென்று ஒரு சத்தம். நடுவில் ஒரே தாளத்தில் ஒரு குரல் போல. உச்சியில் சலசலவென்று எதையோ கொட்டுவதுபோல நில்லாத ஓட்டம்.

ஆனந்தராஜ் தூக்கைக் கீழே வைத்தார். "இது நம்ம மண்டி இல்ல? மூட்டை வுழுது. மேஸ்திரி எண்றாரு. மல்லாட்டை கொட்டுது."

"தெரியுதா?"

"காலையிலேருந்து அங்கதானே இருக்கேன், தெரியாதா!"

மண்டியில் மூட்டை எண்ணும் மேஸ்திரி அப்பாதுரை. முதல் மூட்டையை ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்பார். அடுத்தது ரெண்டு, மூணு என்று போகும். தையல்நாயகி பாட்டுக்கு 'லாபம், ரெண்டு, மூணு' என்றே பெயர் வைத்து, அச்செடுத்து, மறுநாளே விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினார்.

பள்ளிக்கூடத்து இசை அறையில்தான் முதன்முதலாகப் பியானோவைப் பார்த்தார். சுவரோரம் பீரோவைச் சாய்த்து வைத்ததுபோல இருந்தது. டீச்சர் தாளை நிறுத்தி வைத்து வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது கட்டத்திலேயே நின்றார். இடது கையைக் கோடிக்குக் கொண்டுபோனார், நடுவுக்குக் கொண்டுவந்தார், மறுபடியும் கோடிக்கு. பிறகு சத்தம் போட்டுச் சிரித்துவிட்டார்.

"நாயகி, இதை வாசிக்க எனக்கு இன்னொரு கை வேணும்! ஒரே நேரத்துல அந்தக் கோடி, இந்தக் கோடி, நடுவு. மனுஷங்களால முடியாதுங்க."

"கம்ப்யூட்டர் பொட்டி வாசிக்குதே?"

"பொட்டிக்கு விரலா இருக்குது? அது எதை வேணா வாசிக்கும். மூட்டைச் சத்தத்தை எடுத்துடுங்க, நல்லாருக்கும்."

டீச்சர் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனாலும் திரும்பி வரும் வழியெல்லாம் தையல்நாயகிக்கு முகம் எரிந்தது. பியானோவைப் பார்க்காமலே பியானோவுக்கு எழுதப் போன அசட்டுத்தனத்தை நினைத்து வெட்கப்பட்டார். மூன்று வாரம் அந்த மென்பொருளைத் திறக்கவே இல்லை. ஆனந்தராஜ் கேட்டதற்கு, கல்யாண சீசன், பத்திரிகை வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது என்றார்.

சீசன் ஓய்ந்ததும் டீச்சர் சொன்னபடி மூட்டைச் சத்தத்தை எடுத்துவிட்டுக் கேட்டுப்பார்த்தார். மேஸ்திரி எண்ணுகிறார், மல்லாட்டை கொட்டுகிறது, ஆனால் மண்டியில் ஒரு மூட்டைகூட இல்லை. எடுத்ததைத் திருப்பிப் போட்டார். போட்டுவிட்டு டீச்சருக்குப் போன் செய்தார்.

"டீச்சர், உங்களுக்கு எத்தினி கை வேணும்?"

"மூணு."

"ரெண்டு உங்ககிட்ட இருக்குது. ஒண்ணு நான் எடுத்துக்கினு வர்றேன்."

டீச்சர், "சனிக்கிழமை வாங்க, ஜல்தியா வாங்க, பத்து மணிக்கு ரூம் காலியா இருக்கும்" என்றார்.

நான்கு மாதம், சனிக்கிழமைதோறும். ஒரே பெஞ்சில் டீச்சர் வலப்பக்கம், தையல்நாயகி இடக்கோடியில். அவருக்கு வந்த வேலை பதினாறு மூட்டைகள், அதாவது பதினாறு தொம். பார்க்காமல் அடிக்கிற பழக்கம் இருந்ததால் இடம் தவறவில்லை. ஆனால் டைப்ரைட்டர் அடிக்கிற மாதிரி தொட்டவுடன் விரலை எடுத்துவிடுவார், சத்தம் அறுந்துபோகும்.

"எடுக்காதீங்க. மூட்டை வுழுந்தா அங்கயேதானே கெடக்கும்? விரலும் கெடக்கட்டும்."

அது புரிந்தது. பியானோக் கட்டைகளுக்குக் கனம் இருக்கிறது, அழுத்தினால் சத்தம் நெஞ்செலும்பு வரை வருகிறது என்பதெல்லாம் ஸ்பீக்கர் அவருக்குச் சொல்லாத சங்கதிகள். வீட்டுக்கு வந்து பாட்டில் ஏழெட்டு இடங்களைத் திருத்தினார். உச்சியில் கொட்டுகிற ஓட்டத்தில் டீச்சரின் சுண்டுவிரல் மூச்சுவாங்க ஓர் இடைவெளியும் விட்டார்.

2011 பிப்ரவரியில் பள்ளி ஆண்டுவிழா. ஆனந்தராஜ் மண்டியிலிருந்து பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசைக்குப் பின்னால் அப்பாதுரை மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். பாட்டின் பெயரை மைக்கில் அறிவித்ததும் நிமிர்ந்தார். தையல்நாயகியின் விரல் முதல் தொம்மை அழுத்தியது. மேஸ்திரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"லாபம்!"

கூடமே திரும்பியது. தலைமையாசிரியை கழுத்தை நீட்டிப் பார்த்தார். அடுத்த தொம் விழுந்தது. "ரெண்டு!" பிள்ளைகள் சிரித்தார்கள். "மூணு" என்பதற்குள் பின்வரிசைப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தார். தையல்நாயகிக்கு வேர்த்துக் கொட்டியது. ஒன்பதாவது மூட்டைக்கு அப்புறம் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் போய்விட்டது. தாளில் முட்டைகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன. கை அந்தரத்தில் நின்றது.

"பத்து!" என்றார் மேஸ்திரி, மண்டியில் தூங்கி வழிகிற ஆளை அதட்டுகிற குரலில்.

கை தானாக விழுந்தது. சரியான இடம். பதினாறுவரை கூடமே எண்ணியது. முடிந்ததும் கைதட்டல் ஓய வெகுநேரமானது. மேடையை விட்டு இறங்கியவரிடம் மேஸ்திரி வந்து, "எடையெல்லாம் சரியா இருந்திச்சி பாப்பா" என்றார்.

அந்த வருஷமே புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் பியானோ டீச்சர்கள் போன் செய்தார்கள். அச்சடிக்கத் தாள் கொடுத்தவர்கள் சிலர், புதிதாக எழுதித் தரக் கேட்டவர்கள் சிலர். பிள்ளைக்கு ஐந்து விரலையும் விரித்தால் எத்தனை கட்டை எட்டும் என்பதைத்தான் தையல்நாயகி முதலில் கேட்பார். கோட்டக்குப்பத்து ஏழு வயதுப் பெண் ஒருத்திக்காக, எந்தக் கையும் ஐந்து கட்டையைத் தாண்டாமல் பன்னிரண்டு பாட்டுகள் எழுதி, அதைத் தானே புத்தகமாகக் கட்டிக் கொடுத்தார். இருதயமேரி டீச்சர் இன்றும் சனிக்கிழமைகளில் கடைக்கு வந்து, "இந்த இடத்துல வேகம் ஜாஸ்தி" என்று சண்டை போடுகிறார். பாதி நேரம் டீச்சர் ஜெயிப்பார்.

2014இல் கடை போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்தபோது, கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, பட்டா மனு என்ற வரிசையின் கீழே இன்னொரு வரி சேர்ந்தது: பியானோ இசை எழுதித் தரப்படும். அதைப் படித்துவிட்டு மரக்காணத்து மீன் வியாபாரி ஒருவர் பைக்கை நிறுத்தினார்.

"ஏம்மா, பியானோ என்னா வெல?"

"பியானோ விக்கிறதில்லீங்க. அதுக்குப் பாட்டுதான் எழுதறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, என் பொண்ணு ஆர்மோனியம் வாசிக்குது. அதுக்கு எழுதுவீங்களா?"

"கை எவ்ளோ பெருசு?" என்றார் தையல்நாயகி, அருகிலிருந்த நோட்டை இழுத்துக்கொண்டே.