கூரையில் கட்டிய மஞ்சள் நூல்

அஸர் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டும்போது செய்தி வந்தது. என் நாத்தனார் பர்வீன் அலுவலகத்தில் மயங்கி விழுந்தவள், கண் திறக்கவேயில்லை. "இன்னா லில்லாஹி" என்று இறப்புக்குச் சொல்வதைச் சொன்னது வாய். கை, சுருட்டிய பாயை மறுபடி விரித்தது.

கார் வடிவமைக்கும் பொறியாளர் என்று புதுப்பட்டினத்தில் அவளை எல்லாருக்கும் தெரியும். காரின் முன்பக்கத்தை மாற்றியே தீருவேன் என்ற அவளுடைய பிடிவாதத்தின் காரணம் எங்கள் வீட்டுக்குத்தான் தெரியும். மாமியாரை அவசரமாகச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோன நாளில், குறுக்கே பாய்ந்த கன்றுக்குட்டிமேல் கார் லேசாகத்தான் மோதியது. கன்று எழுந்து ஓடிவிட்டது. முன்னால் இருந்த ரேடியேட்டர் உடைந்து, எஞ்சின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் ரோட்டில் ஓட, கார் நின்றுவிட்டது. வேறு வண்டி கிடைத்து மாமி பிழைத்தது அல்லாஹ்வின் அருள்.

"மூஞ்சில அடிபட்டா உசுரே போற மாதிரி எவன் அண்ணி வண்டி செஞ்சான்?" என்றாள் பர்வீன்.

தன் பழைய காரில் ரேடியேட்டரைப் பின்பக்கம் கொண்டுபோய், காற்று வாங்கப் பக்கவாட்டில் திறப்பு வைத்தாள். திருப்போரூர் போவதற்குள் கொதித்தது. அது குடித்த தண்ணீரையும் வீட்டுக் கணக்கில் எழுதிவைத்தேன். "இது காரா, ஒட்டகமா?" என்றேன்.

"ஒட்டகம் குடிச்சா தாங்கும் அண்ணி. இது திருப்போரூருக்கே தாங்கல."

மேலதிகாரிகள் பார்க்க வரும் நாள் நெருங்கியது. அன்றும் கொதித்தால் அந்த யோசனையோடு எல்லாம் முடிந்தது. காற்று எப்படி ஓடுகிறதென்று பார்க்க என் தையல் டப்பாவிலிருந்து நூல் கேட்டாள். துண்டு துண்டாக வெட்டி, காரின் பக்கமெல்லாம் ஒட்டினோம். காரைத் தெருவுக்கு எடுத்ததும், மார்க்கெட்டில் மீன் விற்கும் முனியம்மா மறித்தார்.

"இன்னாம்மா, வேண்டுதல் வண்டியா? எம்பொண்ணு பிரசவத்துக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு கீறா. நானும் ஒண்ணு கட்டிக்கிறேன்."

'அப்படியெல்லாம் இல்லை' என்று சொல்ல வாயெடுத்தேன். பர்வீன் என் கையை அழுத்தினாள். "கட்டுக்கா."

கூரையின் பின்னோரத்து ஆன்டெனாவில் மஞ்சள் நூலைக் கட்டினார் முனியம்மா.

மாமல்லபுரம் சாலையில் அவள் ஓட்டினாள். நான் என் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் பின்னாலேயே பார்த்துக்கொண்டு போனேன். திறப்பருகே நாங்கள் ஒட்டிய நூல்கள் சுருண்டு, முன்பக்கமாகத் திரும்பின. மஞ்சள் நூல் மட்டும் கம்பிபோல் நேராகப் பின்னோக்கி நின்றது. வண்டியை நிறுத்தியதும் அதைச் சொன்னேன்; பர்வீன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"காத்து கூரை மேல போய்க்கினு கீது. நான் பக்கத்துல வாசல் வச்சுகினு காத்திருக்கேன்!"

திறப்பைக் கூரைக்கு மாற்றினாள். மேலதிகாரிகளை ஏற்றிக்கொண்டு கார் செங்கல்பட்டு போய்த் திரும்பியது. கொதிக்கவில்லை. "புது வண்டிக்கு வரையச் சொல்லிட்டாங்க அண்ணி" என்று வந்தவள் பாயசம் கேட்டாள். அந்த வரைபடத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

துக்கம் கேட்க முனியம்மா பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற காரின் நூலைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்.

நூலில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நான் கேட்பது அல்லாஹ்விடம் மட்டும். ஒருமுறை அதை அவிழ்க்கப் போனபோது பர்வீன் தடுத்தாள்: "அது அவங்க வேண்டுதல், அவங்க துஆ அண்ணி. அதுக்கு எடம் வுட்டதாலதான் எனக்கு வழி தெரிஞ்சுது."

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வார்த்தை. காரை இப்போது நான்தான் கழுவுகிறேன். நூல் நனையாமல் பார்த்துக்கொள்கிறேன்.