புல் என்று சொன்ன நெல்

தொண்டூர் ஏரியோரப் புறம்போக்கில் கொஞ்சம் நெல் நட்டிருந்தேன். செஞ்சியிலிருந்து ஒரு பெண் டேப்லெட்டோடு வந்து வரப்பில் நின்றதும், ஆக்கிரமிப்பைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, சாட்டிலைட் படத்துல இந்த இடம் பச்சையா தெரியுது. என்ன பயிரு?"

"பயிரு இன்னா பயிரு, வெறும் புல்லும்மா," என்றேன் குனிந்தபடி.

"அப்ப நீங்க சொன்னத வெச்சு, இதே பச்சை தெரியற எடத்தையெல்லாம் கம்ப்யூட்டர் புல்லுன்னே எடுத்துக்கும். மழையில அழிஞ்சா இதைப் பாத்துத்தான் நிவாரணம்."

ஏரிக்குக் கீழே ஊரார் நெல் முழுவதும் அதே பச்சையில் நின்றது.

ஸ்கூட்டியைக் கிளப்பியவளை ஓடிப்போய் மறித்தேன். "நெல்லும்மா. நான்தான் நட்டேன். எடம் மட்டும் என்னுது இல்ல."

"எடம் யாருதுன்னு நான் கேக்கவே இல்லையேண்ணா!" என்று சிரித்தாள்.

இன்றும் டேப்லெட்டோடு யார் வந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் பயிரின் பெயரை மட்டும் சரியாகச் சொல்லிவிடுகிறேன்.