காகம் கொட்டாத கேழ்வரகு

பாலாற்றங்கரையில், ஓரிக்கைக்கு இந்தப் பக்கம், இரண்டு செங்கல் சூளை. எங்கள் தெருவுக்கு ஒரு கிணறு. அதற்கு முன் எங்கள் பெண்கள் ஊர்க் கிணற்றுக்குத் தள்ளி நிற்பார்கள், யாராவது மனம் வைத்து ஊற்றினால்தான் குடம் நிறையும். நாலு வண்டி, நாலு ஜோடி மாடு. மாடி வைத்த வீடு. எங்கள் சனத்தில் சொந்த மாடியில் ஏறிப் படுத்த முதல் ஆள் நான்தான். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அன்று தூக்கமே வரவில்லை என்பது வேறு விஷயம். ஜெபவீட்டின் மூன்று சுவர்கள் நான் எழுப்பியவை. நாலாவது சுவர், மிஷன் வெள்ளைக்காரத் துரை தன் பணத்தில் வேறு கொத்தனை வைத்துக் கட்டியது. முதல் மழைக்குச் சாய்ந்தது அதுதான். இதைச் சொன்னால் பேரன்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பிக்கொள்ளட்டும். பண்ணையில் சாணி வாரினவன், இரண்டாம் வகுப்போடு பலகையைக் கீழே வைத்தவன், இவ்வளவையும் எழுப்பினான் என்றால் அவன் வாயால் சொல்லாமல் வேறு யார் வாயால் சொல்வது?

என் செங்கல் எதை வேண்டுமானாலும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நடுவில் என் பெயரின் முதல் எழுத்து குழிந்திருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன வியாழக்கிழமை என் வீட்டு மாடியில் ஜெபக்கூட்டம். புதிதாக வந்திருக்கும் போதகர், சின்னப் பிள்ளை, நல்ல குரல், ஒரு புதுப் பானையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பிடியரிசியைத் திரும்பத் தொடங்கப் போகிறாராம். சுட்ட மண்ணின் வாசனை எனக்குத் தாய் வாசனை மாதிரி. மூக்கில் ஏறியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் கதை சொல்ல ஆரம்பித்தார்: "அந்தக் காலத்துல, இதே தெருவுல, ஞானம்மா ஞானம்மான்னு ஒரு ஏழை விதவை. வீட்ல ஒரு மணி தானியம் இல்லை. முழங்கால்ல நின்னாங்க. எழுந்து போய்ப் பார்த்தா பானை நிறைய கேழ்வரகு!" பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நான் கையைத் தூக்கினேன். பக்கத்தில் இருந்த பேரன் பெண்டாட்டி என் தொடையை அழுத்தி, "தாத்தா, சும்மா இருங்க, ஜெபம் ஆரம்பிக்கப் போவுது" என்றாள். என் வீட்டு மாடியில், நான் வேய்ந்த கூரைக்குக் கீழே, எனக்கே பேச உத்தரவு இல்லை.

ஆகையால் எழுதுகிறேன்.

பிடியரிசி என்றால் இப்போது பாதிப் பேருக்குத் தெரியாது. உலை கொதித்ததும் அரிசியை அள்ளும்போது முதல் பிடி கர்த்தருக்கு. அதற்கென்று வாசல் கதவுக்கு உள்பக்கமாக ஒரு தனிப் பானை இருக்கும். வாரம் ஒருமுறை, அப்போது ஜெபவீட்டைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் சாக்கோடு வந்து வாங்கிப் போவார், அதை விற்று ஜெபவீட்டு வேலை நடக்கும். அந்தப் பானையில் போடலாம், எடுக்கக் கூடாது. பிள்ளை பசித்து அழுதாலும் அதற்குள் கை போகாது. எங்கள் பெண்களுக்கு அதில் பெரிய கர்வம். தலைமுறை தலைமுறையாகக் கையேந்திக் குடித்த சனம், கடவுளுக்கே நாங்கள் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொள்வது லேசான காரியமா?

முதல் யுத்தத்துக்குப் போன ஆட்கள், உயிரோடு இருந்தவர்கள், திரும்பிய சமயம். மழை இரண்டு வருஷமாக ஏமாற்றியது. தென்னேரி ஏரியே பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எங்கள் பெண்கள் ஏரிகளுக்குள் இறங்கிக் கோரைக்கிழங்கு தோண்டினார்கள். நெசவுத் தெருக்களிலும் தறிச் சத்தம் குறைந்துவிட்டது. கல்யாணம் நின்றால் பட்டுக்கு வேலை ஏது? வீடு கட்டுகிறவன் இல்லாததால் என் சூளையும் ஆறிக் கிடந்தது. அப்போது எனக்கு இருந்தது ஒரே வண்டி. வாலாஜாபாத் சந்தையிலிருந்து ஒரு வியாபாரிக்குத் தானியம் ஏற்றி வருவேன். கூலியாகக் கேழ்வரகு அளப்பான்.

வியாழக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் உபதேசியார் வீட்டு முற்றத்தில் கூடுவோம். அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். திருடன் இல்லை, வயிறு வளர்த்தவரும் இல்லை. அவர் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. நல்ல மனுஷர். கெட்டவராக இருந்திருந்தால் யாரும் அவர் பேச்சைக் கேட்டிருக்க மாட்டார்கள், இவ்வளவு கேடும் வந்திருக்காது.

ஞானம்மா அங்கேதான் எழுந்து நின்று சொன்னாள். புருஷன் யுத்தத்தில் போனவன், இரண்டு பிள்ளைகள். "நாளைக்கு அடுப்புல வைக்க ஒண்ணும் இல்லீங்க. எனக்காக ஜெபம் பண்ணுங்க." எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். நான் கடைசியில் நின்றிருந்தேன். என் வண்டியில் அன்றைய கூலி இருந்தது. ஆனால் சின்ன வயசு விதவை வீட்டு வாசலில் ஒரு ஆம்பிளை கேழ்வரகோடு நின்றால், நம் தெரு என்ன பேசும் என்று உங்களுக்குத் தெரியாதா? மெதுவாக நழுவினேன். ஜெபச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக் கதவைத் தள்ளினேன், கைக்கு அகப்பட்ட முதல் பானையில் சாக்கைக் கவிழ்த்தேன், வந்துவிட்டேன். அது பிடியரிசிப் பானை என்று வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

அடுத்த வியாழன் சாட்சி சொன்னாள் பாருங்கள்!

"கதவத் தொறந்துக்கினு உள்ள போறேன், பானை மூடி சாஞ்சிருக்குது. பூனைன்னு நெனைச்சேன். கைய வுட்டா கேவுரு! கழுத்து மட்டும் கேவுரு!"

ஒரு கிழவர் கேட்டார்: "அரிசிப் பானையில கேவுரு எப்படிமா வரும்?"

"பரலோகத்துல இந்த வருசம் நெல்லு சரியா வெளையலபோல" என்றார் உபதேசியார். பசியிலும் எல்லோரும் சிரித்தார்கள்.

ஞானம்மாவின் பையன் எழுந்து, "களி திங்கறப்ப பல்லுல மண்ணு கடிச்சுதுங்க" என்றான். கடிக்காமல் என்ன செய்யும்? அது சூளையில் மண் சுமந்த சாக்கு. அதற்கும் சிரித்தார்கள். உபதேசியார், ஒரு தீர்க்கதரிசிக்குக் காகம் ஆகாரம் கொண்டுவந்த கதையைச் சொன்னார். நான் மீசைக்குள் சிரித்துக்கொண்டேன். காகம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும், கறுப்பில் எனக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைத்தேன். அந்த ஒரு வாரம்தான் சிரித்தேன்.

அதுவரை எங்கள் தெருவில் எவள் வீட்டில் புகை வந்தாலும் பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி கூழ் போகும். அந்தச் சாட்சிக்குப் பிறகு நின்றுபோனது. "மனுஷன் கையப் பார்த்தா அவரு கை நீளாது" என்றார் உபதேசியார். பெண்கள் பானையைக் கழுவி வாசலுக்கு நேரே வைத்தார்கள். கூழ் கேட்டு வந்தவளிடம், "எங்கிட்ட ஏன்மா கேக்கற? ஞானம்மா யாரையாவது கேட்டாளா? போய் முட்டி போடு" என்றார்கள். கல்நெஞ்சு என்று சொல்ல மாட்டேன். இருப்பதே ஒரு கரண்டி. அதைக் கொடுக்காமல் இருக்க ஒரு நல்ல காரணம் கிடைத்தது.

நானே இன்னும் இரண்டு பானையில் கொட்டியிருப்பேன். முடியவில்லை. அதிசயத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பெண்கள் முறை வைத்துப் பானையைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள். இத்தனை கண் காவலிருந்தால் காகம் எப்படி இறங்கும்?

என் சூளைக்கு அடுத்த குடிசை ராகேலுடையது. புருஷன் தங்கச் சுரங்க வேலைக்குப் போய்ச் சேதி இல்லை. சாரா என்று ஒரே பெண், நாலு வயசு இருக்கும். பசி எடுத்தால் வந்து சூளையில் வைக்காத என் பச்சைச் செங்கல்லைப் பிய்த்துத் தின்னும். "மண்ணத் தின்னாத கழுத!" என்று விரட்டுவேன். ஓடாது, வாய் ஓரம் சிவப்பாக, நின்று சிரிக்கும். சின்னக் காஞ்சிபுரத்தில் கோயில் தெருக்காரர்கள் கஞ்சித் தொட்டி திறந்திருந்தார்கள். எங்களைத் தூரத்தில் நிறுத்தித்தான் ஊற்றினார்கள். ஆனால் ஊற்றினார்கள். ராகேல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் போய்க்கொண்டிருந்தாள்.

உபதேசியார் கூட்டத்தில் அவளைப் பார்த்துக் கேட்டார்: "பானையக் கழுவி வெச்சிட்டு, தொட்டி முன்னால போய் நிக்கிறியே ராகேலு. அவரு எந்தப் பக்கம் பார்ப்பாரு?"

மறுநாளிலிருந்து அவள் போகவில்லை.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்தேன். "ஞானம்மா பானையில கொட்டனது நான்தான். என் சாக்கு, என் கேவுரு. பல்லுல கடிச்சது என் சூளை மண்ணு. வேற அதிசயம் ஒண்ணுமில்லை. ராகேலு, நீ புள்ளயத் தூக்கிக்கினு கஞ்சிக்குப் போ."

உபதேசியார் பொறுமையாகச் சிரித்தார். "ஏம்பா, அந்தக் காகம் திரும்பி வந்து எம்பேரச் சொல்லுங்கன்னு கேட்டுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நான் ஞானம்மாவைப் பார்த்தேன். "நீ சொல்லும்மா. சாக்கு மண்ணு உனக்குத் தெரியாதா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. பிறகு எரிந்தது. "ஆம்பளை கொண்ணாந்து போட்டதத் தின்னவள்னு என்னிய ஊரு பேசணுமா? கர்த்தர் குடுத்தாரு. நீ இல்ல. பெரிய மனுசனாவறதுக்கு எம்பேரு இன்னா உனக்குப் படிக்கட்டா?"

அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். அவளுக்கும் வேறு வழி இல்லை.

கூட்டம் கலைந்ததும் ஒரு மரக்கால் கேழ்வரகைத் தோளில் வைத்துக்கொண்டு, ஊர் பார்க்கவே ராகேல் வீட்டுக்குப் போனேன். வாங்கமாட்டேன் என்றாள். கோபத்தில் தரையில் கொட்டினேன். முறத்தால் வாரி, ஒரு மணி விடாமல் என் சாக்கிலேயே போட்டுக் கொடுத்தாள். கோபமே இல்லை அவளிடம். "கொஞ்சம் பொறுத்துக்கோண்ணா. என் பானை நெறையட்டும், மொதல்ல உனக்குத்தான் காட்டுவேன்" என்றாள். மறுநாள் பிள்ளையைச் சூளைக்குக் கூப்பிட்டுக் களி ஊட்டினேன். இரண்டு மூன்று வாய் உள்ளே போயிருக்கும், அவள் ஓடிவந்து வாயில் விரல் விட்டுத் தோண்டி எடுத்தாள். எடுத்த களியைத் தானும் தின்னவில்லை. என் கல்மேல் தடவிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முடிவதற்குள் சாரா போய்விட்டது. குழி நான்தான் வெட்டினேன். குழந்தைக் குழி, சீக்கிரம் முடிந்துவிட்டது. உபதேசியார் ஜெபித்துவிட்டு, ராகேல் தலையில் கை வைத்து, அன்பாகத்தான் சொன்னார்: "உன் விசுவாசம் ஒரு பிடி கொறைஞ்சிபோச்சும்மா." ஞானம்மா தள்ளி நின்று தன் பிள்ளைகளின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருநாள் ராகேல் பானையை எடுத்துக்கொண்டு சூளைக்கு வந்தாள்.

"மெய்யாலும் நீதான் கொட்டினியா?"

"மெய்யாலும் நான்தான்."

"அப்ப அன்னைக்கே வாசல்ல நின்னு பேரச் சொல்லிட்டுக் கொட்டறதுக்கு இன்னா? நானும் உங்கிட்டயே வந்து கேட்டிருப்பனே."

பானையை அடுக்கி வைத்திருந்த பச்சைக் கற்களின்மேல் கவிழ்த்து வைத்தாள். திருப்பருத்திக்குன்றம் போகும் பாதையில் நடந்தாள். அங்கே நெல் குத்தும் வேலைக்கு நின்றாள் என்று கேள்வி. அப்புறம் அதுவும் இல்லை. அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு ஊர்வாய் என்ற நியாயம் இருந்தது. நல்ல நியாயம்தான். ஆனால் மழை வந்து திரும்பச் சூளை மூட்டியபோது, தச்சனைக் கூப்பிட்டு அச்சுப் பெட்டியின் அடியில் என் எழுத்தை வெட்டச் சொன்னேன். கிணற்றில் பெயர், வண்டியில் பெயர், ஒரு குடம் தண்ணீர் கொடுத்தாலும் யார் கொடுத்தது என்று சொல்லிக் கொடுப்பேன். தற்பெருமை பிடித்தவன் என்கிறார்கள். பிடித்தவன்தான். வெட்கமில்லை. என் வாசலில் கேட்டு வந்தவள் யாரும் வெறும் கையோடு போனதில்லை. எந்த வாசல் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. முட்டி தேய்ந்துபோயும் முழங்காலில்தான் நிற்கிறேன். கொடு என்று என் காதில் சொன்னது அவராகவே இருக்கலாம், இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் சாக்கைத் தூக்கிய தோள் என்னுடையது.

இப்போது உபதேசியார் இல்லை. அவர் முற்றம் இருந்த இடத்தில் சைக்கிள் கடை. ஞானம்மா கடைசிவரை என் முகத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தாள். சாராவின் குழி எது என்று காட்ட எனக்கே அடையாளம் தெரியவில்லை; மேலே வேறு குழிகள் வந்துவிட்டன. கரண்டிக் கூழ் அடுத்த வீட்டுக்குப் போவது அந்த வருஷம் நின்றதுதான், திரும்பவில்லை. மிச்சம் இருப்பது அந்தக் கதை ஒன்று. அது மட்டும் வருஷத்துக்கு வருஷம் கொழுக்கிறது.

போதகர் தம்பி, புதுப் பானை வைக்கிறீர்கள், வையுங்கள். ஆனால் அடுத்த வியாழக்கிழமை, என் மாடியில், கதையைச் சரியாகச் சொல்ல வேண்டும். கேழ்வரகு வாலாஜாபாத் சந்தையிலிருந்து வந்தது. கொட்டியவன் சூளைக்காரன். ராகேல் என்று இன்னொருத்தி இருந்தாள், அவள் பானை நிறையவில்லை. இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் பெயரைச் சொல்லுங்கள், என் வீடு எது என்று சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் எவளாவது காலிப் பானையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவளுக்கும் கேட்க வேண்டும்.