தகட்டில் வைத்த கை

சூலக்கரையைத் தாண்டி ஒரு சின்ன மருந்துப் பரிசோதனைக் கம்பெனியில் எனக்கு வேலை. தடுப்பூசி மருந்தான பெப்டைடு என்ற புரதத் துண்டைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்து, பொடியாக எங்களிடம் அனுப்புவார்கள். அந்தக் குமிழிகளுக்கு லிப்போசோம் என்று பெயர். உள்ளே பெப்டைடு எவ்வளவு இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். கொழுப்பு கலங்கல், நேரடியாக அளந்தால் கணக்குத் தப்பும். அதனால் கொழுப்பைக் கரைத்து நீக்கி, பெப்டைடை அமிலத்தில் வேகவைத்து, அமினோ அமிலங்களாக உடைத்து அளப்போம்.

போன மாதம் என் அளவுகள் மட்டும் கூடுதலாகவே வந்தன. அதிலும் செரின் என்ற அமினோ அமிலம் தலைகாட்டியது. எங்கள் பெப்டைடில் செரினே கிடையாது. மற்றவர்கள் செய்தால் சரியாக வருகிறது. எனக்கோ வேலை நிரந்தரமாக வேண்டிய நேரம். கண்ணாடிக் குழாயைக் குறை சொன்னேன், அமிலத்தைக் குறை சொன்னேன், ஏசியைக்கூட விடவில்லை.

"செரின் மனுசத் தோல்ல இருக்கும்மா. வெறுங்கை பட்டிருக்கு," என்றார் பிரிவுத் தலைவர்.

"கையுறை இல்லாம நான் எதையும் தொடுறதில்ல சார்," என்று வெடுக்கென்று சொன்னேன்.

"அப்பச் செஞ்சு காட்டுங்க, பாப்போம்."

எல்லோரும் சுற்றி நிற்கச் செய்தேன். பொடி டப்பாவைத் திறக்கப் போனபோது அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"இப்ப என்ன செஞ்சீக?"

"ஒண்ணும் செய்யலியே சார்."

உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. பக்கத்து மேசைப் பெண் என்னைப் போலவே நடித்துக் காட்டினாள். வலது கையுறையைக் கழற்றினாள், மேசையின் இரும்புக் காலில் உள்ளங்கையை வைத்தாள், அதே வெறும் விரல்களால் கையுறையின் வெளிப்பக்கத்தைப் பிடித்து எடுத்து மாட்டிக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்த செம்புத் தகட்டில் வெறுங்கையை வைக்க வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் தரைக்குப் போய்விடும். வைக்காமல் போனால், ஒரு பொறி போதும். கல்லூரி விடுமுறைகளில் அம்மாவோடு எம். புதுப்பட்டிக்குப் பட்டாசு வேலைக்குப் போனபோது பழகியது. பொடியைப் பார்த்தால் கை தானாக இரும்பைத் தேடுகிறது. அம்மா இன்னும் அங்கேதான் மருந்து அடைக்கிறாள். அதை நான் ஆபீஸில் யாரிடமும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. "ஏதோ பழக்கம் சார்," என்று முனகினேன். காரணம் தெரிந்துவிட்டதால் வேலை தப்பியது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கையில் ஒட்டிய அலுமினியப் பொடியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் பாய்ந்தேன்.

"ஒன்னாலதேன் இன்னைக்கு எல்லார் முன்னாலயும் அசிங்கப்பட்டேன். தகட்டத் தொடு, தகட்டத் தொடுன்னு உசுர எடுத்தியே, என் சோத்துல மண்ணு விழப் பாத்துச்சு!"

நடந்ததை எல்லாம் கொட்டினேன். திருப்பித் திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். சண்டையில் அவள் யாருக்கும் சளைத்தவள் அல்ல. குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு நின்றாள்.

"எனக்கு அந்த வேலை ஒண்ணுதேன் தெரியும் தாயி. நீ போற எடத்துல ஆகாதுன்னு தெரியாமப் பழக்கிட்டேன். மனசுல வச்சுக்காத."

என்னை உயிரோடு வைத்திருந்த பழக்கத்துக்காக அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டாள், பசிக்கவில்லை என்று படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பட்டாசுக் கம்பெனி வேன் வந்து ஹார்ன் அடித்தது. அம்மா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். 'தகட்டத் தொட்டுட்டுப் போம்மா' என்று பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்?