மருதாணி முதலில், அவுரி பிறகு

என் மாமியார் உலகம்மாள் அவர்கள் சிவபதம் அடைந்த செய்தி அம்பாசமுத்திரத்தில் எனக்குத் தந்தியாக வந்தது. தங்கையின் பிரசவத்துக்காக ஒரு மாதமாக அங்கே இருந்தேன். தந்தி என்றால் எங்கள் பக்கத்தில் உறையைப் பிரிக்குமுன்பே அழத் தொடங்கிவிடுவார்கள். தங்கையும் அப்படித்தான் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் போகிற ஆள் இல்லையே அத்தை என்றுதான் தோன்றியது. ரயிலேறிச் சேரன்மகாதேவிக்கு வந்து, தெரு முழுக்க ஆட்கள் நிற்பதைக் கண்ட பிறகுதான் நம்பினேன். இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். பூவும் பொட்டுமாகப் போய்விட்டார்கள்.

தெரிந்தவர்களுக்கு அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெடுக்கென்று பேசுவார்கள். கொஞ்சுவது என்பதே கிடையாது. அவர்கள் வைத்த குழம்பில் உப்பு சரியாக இருந்த நாள் குறைவு. அதைச் சொல்லும் துணிச்சல் வீட்டில் ஒருவருக்கும் இருந்ததில்லை. அப்படிப்பட்டவர்கள் எனக்காக ஆண்டுக்கணக்கில் ஒரு பொய்யைச் சுமந்தார்கள். அதை எழுதாமல் அவர்களைப் பற்றி வேறு எதை எழுதினாலும் அது பாதிதான்.

எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே இளநரை கண்டது. வகிடும் நெற்றியோரமும் வெளுத்துவிட்டன. என் தாயார் மருதாணியும் அவுரியும் பூசி அதை மறைத்துக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். தப்புதான். ஆனால் உள்ளதைச் சொன்னால் என்னை யார் எடுப்பார்கள்? வயதைக் குறைத்துவிட்டார்கள், ஜாதகம் பொய், மாப்பிள்ளையைவிடப் பெண் மூத்தவள் என்பார்கள். என் மாமனாரோ நாள் பார்க்காமல் உழவு மாடுகூட வாங்காதவர்கள். தெரிந்தால் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்த்துவிடுவார்கள் என்று எனக்கு அந்த வயதிலேயே நன்றாகத் தெரியும்.

வந்த மாதத்திலேயே ஒரு வெள்ளிக்கிழமை அத்தை எனக்கு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தார்கள். பக்கத்தில் என் நாத்தனார் பிச்சம்மாள் மதினி சீயக்காய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். வகிடு பிரித்த கை சட்டென்று நின்றது. அடிமயிர் வெளுத்து வளர்ந்திருந்ததைப் பார்த்துவிட்டார்கள்.

"ஏ பிச்சம்மா, எந்திரிச்சுத் தள்ளிப் போ! இவ தலையில ஈரும் பேனுமால்லா கிடக்கு. ஒன் தலையில ஏறிக்கிடும்" என்று சத்தம் போட்டார்கள். மதினி அம்மியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள்.

பிறகு பைய என் காதருகே குனிந்தார்கள். "எப்பமிருந்துட்டி இது?"

"பன்னெண்டு வயசுல இருந்து, அத்தை."

"ஒங்க மாமாவுக்குத் தெரிஞ்சா என்ன நடக்கும்னு தெரியும்லா?"

நான் தேம்பினேன்.

"அழாத. அழுதா அடுப்படிக்குக் கேக்கும்."

அன்று முதல் அந்த வீட்டில் நான் பேன் பிடித்த மருமகள் ஆனேன். மாதம் ஒரு தடவை அத்தை என்னைப் பின்கட்டு அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துவார்கள். மதினி தம் தலையணையை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துக்கொள்வார்கள். கல்யாண வீடுகளில் எனக்குப் பூ வைத்துவிடவும் பெண்கள் தயங்கினார்கள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அத்தையிடம் சண்டைக்குப் போனேன். "வேற ஏதாவது சொல்லக்கூடாதா? வெக்கமா இருக்கு" என்றேன். அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "பேனு போயிரும். நரை போகுமா? ரெண்டுல எதைச் சொல்லட்டும், நீயே சொல்லு" என்றார்கள்.

முதல் தடவை பூசியபோது நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். அத்தைக்கு அந்த வேலை தெரியாது. எனக்கும் தெரியாது, பிறந்த வீட்டில் அம்மா என் முதுகுக்குப் பின்னால் இருந்து செய்தது. கருப்பாக வேண்டும், அவ்வளவுதானே என்று அத்தை அவுரியை மட்டும் குழைத்துப் பூசிவிட்டார்கள். அலசிப் பார்த்தால் நெற்றியோரம் நீலமும் பச்சையுமாக நிற்கிறது. "ஏட்டி, மயிலு கழுத்து மாதிரில்லா ஆயிட்டு!" என்று அவர்களே நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். உடனே எனக்கு வீட்டுத் தூரம் என்று சொல்லிப் பின்கட்டில் ஒதுக்கி உட்கார வைத்தார்கள். அங்கே யாரும் கிட்ட வரமாட்டார்கள். மறுநாள் விடிந்ததும் வில்வண்டி பூட்டச் சொல்லி அம்பாசமுத்திரத்துக்குப் போய்விட்டார்கள்.

அங்கே நடந்ததை அம்மா பிற்பாடு எனக்குச் சொன்னார்கள். சம்பந்தியம்மாள் முன்னறிவிப்பில்லாமல் தனியாக வந்து இறங்குவதைக் கண்டதும் அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டதாம். என்னைத் திருப்பி அனுப்பும் சேதியோடுதான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "பிள்ளைய வாழ விடுங்க மதினி" என்று காலில் விழப் போயிருக்கிறார்கள். அத்தை அம்மாவின் தோளைப் பிடித்து நிறுத்தி, "அழாதிய மதினி. நான் சீக்கிரம் திரும்பணும். மருதாணி முன்னாலயா, அவுரி முன்னாலயா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்களாம்.

மருதாணி முதலில். அரைத்துப் பூசி, ஊறவிட்டு, அலசினால் வெளுத்த மயிர் செம்பட்டையாகும். அதன் மேல் அவுரி பூசினால்தான் கருக்கும். அதன் பிறகு அத்தையின் கை தவறியதே இல்லை. என் கணவருக்கு நானே சொல்லிவிட்டேன். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள். அத்தைதான் பூசிவிடுகிறார்கள் என்றதும் பேச்சு அடங்கிவிட்டது. வீட்டில் மாமாவுக்கும் மதினிக்கும்தான் தெரியாது. தெரிந்துவிடுமோ என்ற பயம் மட்டும் என் குழந்தைகள் பிறந்த பிறகும் என்னை விடவில்லை.

அத்தையின் தலை தும்பைப்பூவாக வெளுத்திருந்தது. தமக்கு ஒரு பொட்டு அவுரி தொட்டதில்லை. "எனக்கு நரைக்கிற வயசு, நரைச்சிருக்கு" என்பார்கள். ஒரு தடவை கேட்டேன், அன்று ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று. "உள்ளதைச் சொல்லுதேன், அப்பம் ஒன்னை எனக்குப் பிடிக்கவே இல்ல. ஆனா எங்கையில தலையைக் குடுத்துட்டு உக்காந்திருந்தியே. குடுத்த தலையை எப்படிட்டி விடுதது?" என்றார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய அன்பு அந்த வெடுக்குப் பேச்சுதான்.

பிரசவ வீட்டில் பூசிக்கொள்ள நேரம் வாய்க்கவில்லை. திரும்பி வந்தால் இழவு வீடு. இழவு வீட்டில் மருதாணி அரைப்பார்களா? நாளுக்கு நாள் வகிடு வெளுத்துக்கொண்டே வந்தது; முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நடந்தேன். அத்தை போன துக்கத்தோடு பழைய பயமும் சேர்ந்து என்னை அரித்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவினர் எல்லாரும் கூடியிருக்க, மாமாவின் காலில் விழுந்து எழ வேண்டும். விழுந்தேன், முந்தானை நழுவியது. அவர்கள் கை என் தலைமேல் வந்து அப்படியே நின்றது.

"என்ன தாயி இது! மாமியா போன துக்கத்துல தலையே வெளுத்துப் போச்சே!" என்று மாமா வாய்விட்டு அழுதார்கள். "இப்பிடி ஒரு மருமக யாருக்கு வாய்ப்பா!" அழுதுகொண்டிருந்த பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு.

நான் வாய் திறக்கவில்லை. இனி எனக்கு ஒரு பயமும் இல்லை, செத்தும் அத்தை என்னைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று மட்டும் தோன்றியது. ஆனால் அந்தப் புகழ்ச்சியைக் கேட்கக் கேட்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அது அவர்களுக்குச் சேர வேண்டியது. அதனால் அவர்கள் நினைவு மலருக்கு இதை எழுதினேன். அச்சுக்குக் கொடுக்குமுன் என் கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாமாவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.

மாமா என் வகிட்டைப் பார்த்தார்கள். "பேனுன்னுல்லா சொன்னா" என்றார்கள். பிறகு, "எங்கிட்ட ஏன் மறைச்சா?" என்று கேட்டுவிட்டு அவர்களே சொன்னார்கள்: "சொல்லியிருந்தா அன்னைக்கே ஒன்னை வண்டியேத்தி அனுப்பியிருப்பேன். அவளுக்கு என்னைத் தெரியும்." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "ஒரு எழுத்தும் மாத்தாத. அப்படியே போடச் சொல்லு."

அத்தை, வெளுத்த தலையோடு உங்கள் அடுப்படியில் நிற்கிறேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.