சூரியன் கோயிலில் சப்பாத்து

தொண்ணூறுகளில், நான் குடியேறிய வெளிநாட்டில், பாபகூரா என்ற ஊருக்கு ஓடும் ரயிலில் அந்த யாழ்ப்பாணத்து மனிதரை அடிக்கடி காண்பேன். கட்டையான உருவம், கழுத்தில் பைனாகுலர். இருந்த கையோடு சப்பாத்தைக் கழற்றிவிடுவார். காலுறையில் பெருவிரல் தெரியும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் பெரு நாட்டுக்குப் போய்வந்த கதையை எடுத்தார். பறவை பார்க்கும் சுற்றுலா. கூடவே இன்கா மக்களின் பழைய இடிபாடுகள்.

“சூரியன்ர கோயில் எண்டு கைட் சொன்னான். சப்பாத்தோட எப்பிடிப் போறது? வாசல்ல கழட்டினன். கூட வந்த வெள்ளைக்காரர் எல்லாரும் சிரிச்சினம்.”

“பிறகு?”

“அவை நாள் முழுக்கத் தேடின குருவி உள்ளுக்குச் சுவரில இருந்தது, தம்பி! அவையின்ர பூட்ஸ் சத்தத்துக்குத்தான் இவ்வளவு நேரமும் பறந்தது. என்ர வெறுங்காலுக்கு அசையேல்லை. அடுத்த கோயிலில எல்லாரும் வாசல்லயே கழட்டிச்சினம்.”

“சரி அண்ணை, ரயிலில ஏன் கழட்டுறீங்கள்? இங்க சாமியுமில்லை, குருவியுமில்லை.”

அவர் உதட்டில் விரலை வைத்து ஜன்னலைக் காட்டினார். ரயில் நின்றிருந்த ஸ்டேஷன் வேலியில், தொண்டையில் வெள்ளைக் குஞ்சத்தோடு அந்த நாட்டுக்கே உரிய ஒரு டூயிக் குருவி.

நான் மெல்லக் குனிந்து என் சப்பாத்து நாடாவை அவிழ்த்தேன்.