ஆபீஸையே தூங்க வைத்த மதியம்

மதியச் சாப்பாடு முடிந்ததும் விளக்குகள் அணையும்; மேசைக்கடியில் பாய்கள் விரியும். வியட்நாமின் சைகோனில், 'டிஸ்ட்ரிக்ட் ஒன்று' என்ற பகுதியில், எது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணினியில் கணக்குப் போடும் பொறியியல் ஆபீசில் எனக்கு வேலை. அங்கே கணக்காளர் முதல் மேலாளர் வரை ஒருவர் பாக்கியில்லாமல் தூங்குவார்கள். ஊர்ப் பழக்கம். சென்னையிலிருந்து போன புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். பட்டப்பகலில் என்னய்யா குறட்டை! அந்தக் குறட்டை ஒரு மனிதரின் முதுகைக் காப்பாற்றும் என்று யார் கண்டது?

எங்கள் குழுத் தலைவியை நான் அக்கா என்றே கூப்பிடுவேன். அப்பா காரைக்கால்காரர், அம்மா வியட்நாமியர். என்னிடம் மட்டும் அப்பாவின் தமிழில் பேசுவார். அவருக்குத் தெரிந்த அறுவை மருத்துவர் ஒருவர் உதவி கேட்டு வந்தார். வுங் டாவ் என்ற கடலோர ஊரின் மீனவர் ஒருவர் படகில் தவறி விழுந்து, முதுகுத்தண்டில் ஓர் எலும்பு நொறுங்கிக் கிடந்தார். மேலும் கீழும் பல எலும்புகளைச் சேர்த்து நீளக் கம்பி போட்டால் பயமில்லை. ஆனால் முதுகு விறைத்துவிடும், குனிந்து வலை இழுக்க முடியாது. குட்டைக் கம்பி போட்டால் குனியலாம், ஆனால் அதை எலும்போடு பிடித்திருக்கும் திருகு பிடுங்கிக்கொண்டால்? வலை இழுக்க முடியாவிட்டால் நான் எதற்கு என்று அந்த மனிதர் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

ஸ்கேன் படங்களைக் கொண்டு அவருடைய முதுகெலும்பைக் கணினிக்குள் அப்படியே உருவாக்கினோம். இனி அதில் குட்டைக் கம்பியைப் பொருத்தி, பாரம் ஏற்றிக் குனிய வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கணினி அந்தக் கணக்கை முடிக்க வாரக்கணக்காகும். அறுவைக்கோ நாள் குறித்தாயிற்று. இரவில் ஓட்டலாமென்றால், மாலையானதும் கட்டட உரிமையாளர் மின்சாரத்தை நிறுத்திவிடுவார். "தூங்குறவங்க கம்ப்யூட்டரெல்லாம் சும்மாதானே கிடக்கு? கோத்து விடு தம்பி" என்றார் அக்கா. எல்லாக் கணினிகளையும் கோர்த்துக் கணக்கைப் பங்கிட்டுக் கொடுத்தேன். யாராவது விழித்துத் தன் கணினியைத் தொட்டால் போச்சு, மொத்தக் கணக்கும் கவிழும். இரண்டு மதியம் கவிழ்ந்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அறுவைக்கு முந்தின நாள் மதியம். விளக்கு போடும் நேரம் வந்துவிட்டது, கணக்கு முடியவில்லை. கணக்காளர் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். அக்கா நடுவில் போய் நின்று வியட்நாமியத்தில் ஓர் அதட்டல் போட்டார்: யாரும் எழக்கூடாது, இன்னும் தூங்குங்கள்! எழுந்த மேலாளரையும் விடவில்லை. காரணத்தைக் கேட்டதும் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே மறுபடி படுத்தார். "நீ ஸ்கிரீனைப் பாரு, இவங்களை நான் பாத்துக்கிறேன்" என்றார் அக்கா என்னிடம். யாருக்கும் தூக்கம் வரவில்லை. ஓர் இருமல்கூட இல்லாமல் இருட்டில் அத்தனை பேரும் படுத்திருந்தார்கள்.

முடிந்தது! நொறுங்கிய எலும்பிலேயே இரண்டு திருகு சேர்த்தால் குட்டைக் கம்பியே தாங்கும் என்று காட்டியது. "தாங்குது அக்கா!" என்று கத்தினேன். படுத்திருந்தவர்கள் துள்ளி எழுந்து என்னைவிடப் பெரிதாகக் கத்தினார்கள். மருத்துவர் எங்கள் படங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, குட்டைக் கம்பிதான் என்று முடிவு செய்தார்.

இன்று சென்னையில் என் கணினி அதே கணக்கை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடித்துவிடும். இருந்தாலும் அந்த மதியத்துக்கு ஈடாக என் வேலையில் எந்த நாளும் இல்லை.

அறுவை நடந்த அடுத்த வருடம் அந்த மீனவர் ஐஸ்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். "மெதுவா, மெதுவா!" அக்கா பதறிப்போய்த் தமிழிலேயே கத்தினார். மீனவருக்குத் தமிழ் என்ன புரியும்? குனிந்து பெட்டியைத் தரையில் வைத்தார். பெரிய மீன் ஒன்றை வாலைப் பிடித்து எடுத்துக்கொண்டு, சிரித்தபடி நிமிர்ந்தார். ஏதோ சொன்னார்.

"இவரே இழுத்த வலையாம், தம்பி" என்றார் அக்கா. அந்த மீனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.